இது யார் வாசிப்பு? கண்கட்டி ஜாஸ் கேட்கும் விளையாட்டு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மட்டக்களப்பிலும் கல்முனைப் பக்கத்திலும் ஜாஸ் கேட்கிறவர்களை எண்ணினால் ஒரு மேசையைச் சுற்றி இருத்திவிடலாம். இந்த விளையாட்டுக்கு அது தாராளம். ஐந்து பேர் போதும். பெயர் சொல்லாமல் ஒரு பதிவு ஓடும். கேட்கிறவர் முதலில் நட்சத்திரம் போடுவார், பிறகு யார், எப்போது, என்ன மெட்டு என்று ஊகிப்பார். புதிதாக வருகிறவர்களும், தாங்களே ஒரு சுற்று நடத்த நினைக்கிறவர்களும் கேட்கும் கேள்விகளை இங்கே சேர்த்திருக்கிறோம். ஒவ்வொரு பதிவையும் 'தட்டு' என்றே சொல்கிறோம், அது இறுவட்டில் இருந்தாலும் போனில் இருந்தாலும். சுற்றை நடத்துகிறவர் தட்டுப்போடுபவர்.

இந்த விளையாட்டு எங்கிருந்து வந்தது?

அமெரிக்காவில் இருந்த லெனர்ட் ஃபெதர் என்ற விமர்சகர் 1940களின் நடுவில் மெட்ரோனோம் சஞ்சிகையில் தொடங்கினார். 1950களின் தொடக்கத்தில் அது டவுன்பீட் சஞ்சிகைக்கு மாறியது. பெயர்பெற்ற கலைஞர் ஒருவரை இருத்தி, என்ன தட்டு என்று சொல்லாமல் போட்டு, ஐந்து நட்சத்திரத்தில் எத்தனை கொடுப்பீர்கள் என்று கேட்பார்கள். நாம் செய்வதும் அதுவே, கலைஞருக்குப் பதில் ரசிகர்.

அந்த வரலாற்றில் இரண்டு சம்பவங்கள் நமது விதிகளுக்கு அடிப்படை. வாசிக்கிறவர் கறுப்பரா வெள்ளையரா என்று காதாலேயே சொல்லிவிடலாம் என்று ட்ரம்பெட் கலைஞர் ராய் எல்ட்ரிட்ஜ் நம்பியிருந்தார். 1951இல் அவரைக் கண்கட்டி இருத்தினார்கள். பல இடங்களில் பிழையாகச் சொன்னார். ஆகவே நமது விடைத்தாளில் இனம் பற்றிய ஊகத்துக்கு இடமும் இல்லை, புள்ளியும் இல்லை. மற்றது 1964இல் ட்ரம்பெட் கலைஞர் மைல்ஸ் டேவிஸை இருத்திச் செய்த சோதனை. எரிக் டால்பி, செசில் டெய்லர் என்ற சக கலைஞர் இருவரையும் அவர் கிழித்த கிழியை இன்றைக்கும் பேசுகிறார்கள். பிடிக்காததைப் பிடிக்கவில்லை என்று சொல்ல எவருக்கும் உரிமை உண்டு. ஆனால் காரணம் எழுதாத ஒற்றை நட்சத்திரத்தை நாங்கள் கணக்கில் எடுப்பதில்லை.

எனக்கு ஜாஸ் அவ்வளவு தெரியாது. வரலாமா?

தாளம் போடத் தெரிந்தால் போதும். பெயர் ஒன்றுகூடத் தெரியாதவரும் தாளக்கட்டைச் சரியாகச் சொல்லிப் புள்ளி எடுக்கலாம். ஜாஸில் அதிகம் வரும் கட்டு இரண்டு. ஒன்று பன்னிரண்டு பார் புளூஸ். ஒரு பார் நான்கு அடி, ஆக ஒரு சுழற்சி 48 அடி. ஆதிதாளத்தில் ஆறு ஆவர்த்தனம். மற்றது 32 பார், அ–அ–ஆ–அ என்ற வடிவம். 128 அடி, பதினாறு ஆவர்த்தனம். ஒவ்வொரு பகுதியும் நான்கு ஆவர்த்தனம். மூன்றாவது பகுதியில் மெட்டு வேறு பக்கம் போய்த் திரும்பி வருவது புதிதாகக் கேட்கிறவருக்கும் பிடிபடும்.

நமது பழக்கத்துக்கு ஒரு இடறல் உண்டு. நாம் சமத்தில், அதாவது முதல் அடியில் தட்டுகிறோம். ஜாஸ் ட்ரம்ஸில் காலால் மூடும் ஹை-ஹட் சிம்பல் சோடி 'சிக்' என்று விழுவது இரண்டாம், நான்காம் அடிகளில். அந்தச் 'சிக்'கைச் சமமாக எடுத்தால் எண்ணிக்கை முழுக்க ஓரடி தள்ளிப்போய், பன்னிரண்டு பார் எந்த இடத்தில் முடிகிறது என்பதே தெரியாமல் போகும். நின்று வாசிக்கும் பெரிய தந்தி வாத்தியமான டபிள் பேஸைப் பிடித்துக்கொண்டு எண்ணுங்கள். சுழற்சி புதிதாகத் தொடங்கும் இடத்தை அதுதான் அழுத்திச் சொல்லும்.

மூன்றடி வோல்ட்ஸா ஆறடியா என்ற குழப்பம் மட்டக்களப்பில் குறைவு. பறங்கியர் கலியாண வீட்டில் கஃப்ரிஞ்ஞாவைக் கேட்டு வளர்ந்த காதுக்கு ஆறடியின் ஆட்டம் தானாகத் தெரியும். ஐந்தடி வந்தால் கண்டசாபு என்று எழுதிவிடாதீர்கள். கண்டசாபு இரண்டும் மூன்றும்; டேவ் புரூபெக் குழு 1959இல் பதிந்த 'டேக் ஃபைவ்' மூன்றும் இரண்டும். பிரிவு எங்கே விழுகிறது என்று எழுதினால்தான் புள்ளி.

ஒரு சுற்று எப்படி நடக்கும்?

நேரில் இருந்து கேட்பதென்றால் எட்டுத் தட்டுக்கு மேல் வேண்டாம். சராசரி ஆறு நிமிடம், ஒவ்வொன்றும் இரண்டு முறை, எழுத மூன்று நிமிடம் என்று வைத்தால் அதுவே இரண்டு மணித்தியாலம். ஒன்பதாவது தட்டில் காது மரத்துப்போகும். நல்ல தட்டுக்கும் மூன்று நட்சத்திரம் விழும்.

முதல் ஓட்டத்தில் பேனா கையில் இருக்கக்கூடாது. ஓடி முடிந்ததும் நட்சத்திரத்தை எழுதி, தாளின் மேல்பகுதியை மடித்துவிட வேண்டும். இரண்டாம் ஓட்டத்தில் வாத்தியங்கள், கட்டு, காலம், ஆள், மெட்டு என்று குறிப்பெடுக்கலாம். வாய் திறக்கக்கூடாது. ஒருவர் 'ஆ, இது கெட்ஸ்' என்று முணுமுணுத்தால் மற்ற நால்வரின் தாளும் வீண்.

வட்ஸ்அப் வழியே நடத்தினால் பன்னிரண்டு வரை போகலாம், இரண்டு கிழமை அவகாசம். விடைகளைக் குழுவில் போடாமல் தட்டுப்போடுபவருக்குத் தனியே அனுப்ப வேண்டும். முதலில் வந்த விடையைப் பார்த்துவிட்டால் பின்னால் எழுதுகிறவர் தெரியாமலே அதன் பக்கம் சாய்வார்.

நட்சத்திரத்தை ஏன் ஊகத்துக்கு முன் போட வேண்டும்?

பெயர் மனதில் விழுந்த கணத்திலிருந்து நீங்கள் தட்டைக் கேட்பதில்லை, பெயரைக் கேட்கிறீர்கள். 'இது கோல்ட்ரேன்போல இருக்கிறது' என்று தோன்றிவிட்டால் இரண்டரை கொடுக்க இருந்த கை நான்கரை எழுதும். இந்த விளையாட்டில் விட்டுக்கொடுக்கக் கூடாத விதி இது ஒன்றுதான். மற்றவற்றை உங்கள் வசதிக்கு மாற்றிக்கொள்ளுங்கள்.

புள்ளிக் கணக்கு என்ன?

ஒரு தட்டுக்குப் பத்து. குழுத்தலைவர் அல்லது முதன்மைத் தனிவாசிப்பாளர் சரியென்றால் 3. உடன் வாசித்த ஒவ்வொருவருக்கும் 1, அதிகபட்சம் 2. மெட்டின் பெயர் 1. பதிவான ஆண்டு மூன்று வருட இடைவெளிக்குள் இருந்தால் 2, ஏழுக்குள் என்றால் 1. மிச்சம் இரண்டும் காரணத்துக்கு.

அந்தக் காரணப் புள்ளியை, சொன்ன ஆள் பிழையென்றாலும் கொடுங்கள். சோனி ஸ்டிட்டின் ஆல்டோ சக்ஸபோனைக் கேட்டு 'சார்லி பார்க்கர்' என்று எழுதி, எந்தச் சொற்கட்டு அப்படி நினைக்க வைத்தது என்றும் எழுதியவர் நன்றாகக் கேட்டிருக்கிறார். ஒன்றும் எழுதாமல் அதிர்ஷ்டத்தில் 'ஸ்டிட்' என்றவர் அந்த அளவு கேட்கவில்லை.

நட்சத்திரம் இந்தக் கணக்கில் சேராது. அரை நட்சத்திரத்திலிருந்து ஐந்து வரை, அரையரையாக. சராசரி எடுக்கும்போது உச்சத்தையும் அடியையும் சேர்த்து வாசியுங்கள். ஏழு பேர் 5, 5, 5, 4, 1, 1, 1 என்று போட்டாலும் 3, 3, 3, 3, 3, 3, 4 என்று போட்டாலும் சராசரி 3.14தான். முதலாவது சண்டை பிடிக்கத்தக்க தட்டு. இரண்டாவதை நாளைக்கே எல்லாரும் மறந்துவிடுவார்கள்.

எப்படிப்பட்ட தட்டுகளைத் தெரிவு செய்வது?

எட்டில் மூன்று, ஆளைக் காதால் பிடிக்கக்கூடியவையாக இருக்கட்டும்: குரல்போலத் தனித்த தொனி உள்ளவர்கள். மூன்று, காலத்தையும் பாணியையும் ஊகிக்கக்கூடியவை. ஒன்று பொறி. ஒன்று கடந்த பத்து வருடத்தில் வந்தது. பெரிய கலைஞரின் பெரிய தட்டைப் போடாதீர்கள். முதல் நான்கு பாரில் எல்லாருக்கும் தெரிந்துவிடும். அதே கலைஞர் வேறொருவரின் குழுவில் துணைக்கு வாசித்த பதிவைத் தேடுங்கள். தனி அல்பங்களை மனப்பாடம் செய்தவரும் அங்கே தடுமாறுவார்.

புதியவர் செய்யும் பிழை, யாருக்கும் கிடைக்காத அபூர்வத் தட்டுகளாகவே எட்டையும் நிரப்புவது. தன் சேகரிப்பைக் காட்ட அது நல்ல வழி. விளையாட்டு செத்துவிடும்.

கோப்புகளைத் தயார் செய்யும்போது எதைக் கவனிக்க வேண்டும்?

ஓடாசிட்டி என்ற ஒலித்தொகுப்பு மென்பொருள் போதும், இலவசம். முதலில் அடையாளங்களை அழியுங்கள். கோப்பின் பெயரை 01, 02 என்று மாற்றினாலும் உள்ளே இருக்கும் பெயர், அல்பம், அட்டைப்படம் அப்படியே இருக்கும். எக்ஸ்போர்ட் செய்யும்போது வரும் மெட்டாடேட்டாப் பெட்டியில் எல்லாவற்றையும் வெறுமையாக்கி, பிறகு ஒரு போனில் போட்டு, பூட்டிய திரையில் ஏதும் தெரிகிறதா என்று பாருங்கள். சில புளூடூத் ஒலிபெருக்கிகளும் கார் செற்றுகளும் பெயரைத் திரையில் காட்டும்.

நீளமும் காட்டிக்கொடுக்கும். 9 நிமிடம் 22 விநாடி என்று தெரிந்தால் தேடிப் பிடிப்பது சுலபம். முடிவில் பத்துப் பதினைந்து விநாடி வெற்று ஒலி சேர்த்துவிடுங்கள். மேடைப் பதிவென்றால் அறிவிப்பாளர் பேச்சை வெட்டுங்கள், கைதட்டலை விடலாம்.

அடுத்தது சத்தம். ஒரே இசையைச் சற்று உரக்கக் கேட்டால் நமக்கு அது 'நல்லதாக' இருக்கும், எனவே சத்தம் கூடிய தட்டுக்கு அரை நட்சத்திரம் இலவசமாகப் போய்விடும். லவுட்னஸ் நார்மலைசேஷன் என்ற எஃபெக்டில் எல்லாத் தட்டுக்கும் மைனஸ் 18 எல்யூஎஃப்எஸ் (சத்த அளவின் அலகு) வைத்தால் ஏறக்குறைய சமமாகும். பேஸ் தனிவாசிப்பு நீளமாக உள்ள தட்டை மட்டும் காதால் கேட்டுச் சரிபாருங்கள்.

எம்பி3 ஆக்குவதென்றால் 192 கிலோபிட். ஆறு நிமிடத் தட்டு ஒன்றுக்கு 8.6 எம்பி, எட்டுக்கு 69 எம்பி. டேட்டா மிச்சம் பிடிக்க 64க்கு இறக்கினால் ரைட் சிம்பல் (ட்ரம்ஸில் தாளத்தை ஓட்டும் உலோக வட்டு) தண்ணீருக்குள் கேட்பதுபோல் சலசலக்கும். காலத்தைச் சொல்லும் முக்கியத் தடயம் அந்தச் சிம்பல்தான். வட்ஸ்அப்பில் குரல்பதிவாக அனுப்ப வேண்டாம், பேச்சுக்கான சுருக்கத்தில் எல்லாம் நசிந்துவிடும். டொக்கியூமென்ட்டாக இணையுங்கள்.

சுருதி பிழைத்திருந்தால்?

அடிக்கடி நடக்கிறது. 44,100இல் பதிந்த கோப்பு 48,000 என்று நினைத்து ஓடினால் வேகம் 9 சதவீதம் கூடும், சுருதி ஏறக்குறைய ஒன்றரை அரைச்சுரம் மேலே போகும். தாழ்ந்த குரலுள்ள டெனர் சக்ஸபோனைக் கேட்டு ஆல்டோ என்று ஆறு பேரும் எழுதினால் முதலில் கோப்பைச் சந்தேகியுங்கள். பழைய கசெட்டிலிருந்து எடுத்தவை மறுபக்கம் பிழைக்கும்: நமது வெக்கையில் பிளேயரின் ரப்பர் பெல்ட் இளகி, வேகம் குறைந்து, பியானோவின் நீண்ட சுரம் அலையும். பியானோவின் நீண்ட சுரத்தை வைத்துச் சோதிப்பதே சுலபம். ஊதுகிறவர் சுரத்தை அசைக்கலாம், பியானோ அசையாது.

மூலத்திலேயே பிழை இருப்பதும் உண்டு. மைல்ஸ் டேவிஸின் 'கைண்ட் ஒஃப் புளூ' அல்பத்துக்கு 1959 மார்ச் 2இல் பதிந்தபோது மாஸ்டர் நாடா இயந்திரம் சற்று மெதுவாக ஓடியது. அதனால் முதற்பக்கம் முழுவதும் உண்மையான சுருதிக்குச் சற்று மேலே விற்பனைக்கு வந்தது. திருத்திய பதிப்பு வந்தது 1992இல். பழைய பதிப்போடு சேர்ந்து வாசித்துப் பழகியவர்கள் இடைச்சுருதிக்கு வாத்தியத்தை ஏற்ற வேண்டியிருந்தது.

எந்த ஒலிபெருக்கி, எந்த நேரம்?

டபிள் பேஸின் அடித்தந்தி 41 ஹெர்ட்ஸ். உள்ளங்கை அளவு புளூடூத் பெட்டியால் அதை எழுப்பவே முடியாது. மேல் ஒலிகளிலிருந்து நமது மூளை ஊகித்துக்கொள்கிறது. பேஸ் கலைஞருக்குப் புள்ளி கொடுக்கிற விளையாட்டில் இது அநியாயம். பழைய இரட்டைப் பெட்டி செற் இருந்தால் அதுவே மேல், இல்லையென்றால் எல்லாருக்கும் ஹெட்போன். 1950களின் கடைசியில் வந்த ஸ்டீரியோப் பதிவுகளில் ஊதுகிறவர் ஒரு பக்கம், தாளக்குழு மறுபக்கம் என்று வெட்டிப் பிரித்திருப்பார்கள். அறையின் ஓரத்தில் இருக்கிறவருக்குப் பாதிக் குழு கேட்காது. அறையில் போடும்போது மோனோவாக்கிவிடுங்கள்.

போயா விடுமுறையில் வைப்பது எல்லாருக்கும் தோது. பிற்பகல் இரண்டரைக்குத் தொடங்கினால், மூன்று மணி தாண்டி வரும் அஸர் பாங்குக்கு நிறுத்தி, ஒரு தேத்தண்ணியும் குடித்து, மஃரிபுக்கு முன் விடையும் சொல்லி முடிக்கலாம். காத்தான்குடியிலும் சாய்ந்தமருதிலும் இதைப் பார்க்காமல் நேரம் போட்டால் ஒவ்வொரு தட்டும் பாதியில் நிற்கும். வைகாசியில் கண்ணகி அம்மன் சடங்கு நடக்கும் ஊர்களில் குளிர்த்தி முடியும்வரை யோசிக்கவே வேண்டாம். மாரியில் தகரக்கூரை வீடு சரிவராது. கச்சான் காற்றுக்காலத்தில் காற்றாடி வேண்டும்தான், ஆனால் அதன் இரைச்சல் ட்ரம்ஸில் கம்பித் தூரிகை உரசும் சத்தத்தை அப்படியே விழுங்கும். மெதுவான தட்டுகளுக்கு ஆறு நிமிடம் காற்றாடியை நிறுத்துங்கள்.

முதலில் எதைக் கேட்பது?

ஆளைத் தேடாதீர்கள். முதலில் காலத்தைப் பிடியுங்கள், பாதிப் பெயர்கள் தாமே உதிர்ந்துவிடும்.

1925க்கு முன் தட்டுப் பதிவில் ஒலிவாங்கி இல்லை. கூம்பு முன்னால் நின்று வாசித்தார்கள். பெரிய ட்ரம் ஊசியைத் துள்ள வைக்கும் என்பதால் மரக்கட்டைத் தட்டலும் டியூபாவும்தான் கேட்கும். அதன் பிறகு மின்பதிவு. பாஞ்சோ போய்க் கிட்டாரும், டியூபா போய் டபிள் பேஸும் வந்தது 1930களின் தொடக்கத்தில். பத்தங்குல 78 தட்டின் ஒரு பக்கம் மூன்று நிமிடம் சொச்சம், ஆகவே மூன்று நிமிடத்துக்குள் எல்லாம் அடக்கிச் சொல்லும் வாசிப்பென்றால் 1948இல் எல்பி வருவதற்கு முந்தியது என்று சந்தேகிக்கலாம். அமெரிக்கக் கலைஞர் சங்கத்தின் பதிவு மறுப்பு 1942 ஓகஸ்டில் தொடங்கியது. விக்டர், கொலம்பியா என்ற பெரிய தட்டு நிறுவனங்கள் 1944 நவம்பர் வரை இறங்கி வரவில்லை. அதனால் 1943 என்று எழுதுமுன் ஒருமுறை யோசியுங்கள். வானொலிப் பதிவோ, படையினருக்கு அடித்த வி-டிஸ்கோவாக இருந்தால் சரி.

ட்ரம்ஸைக் கேளுங்கள். நான்கடியையும் பெரிய ட்ரம்மில் அடித்தால் சுவிங் காலம். தாளம் ரைட் சிம்பலுக்கு ஏறி, பெரிய ட்ரம் இடையிடையே மட்டும் வெடித்தால் 1940களின் நடுவுக்குப் பின், பீபொப் என்ற பாணி. கடைக்கு ஸ்டீரியோ எல்பி வந்தது 1958. பேஸ் மரத்தின் ஒலி குறைந்து ரப்பர்போல இழுபட்டால் வாத்தியத்தில் மாட்டிய பிக்கப்பிலிருந்து நேரே எடுத்த 1970களின் ஒலி. ரோட்ஸ் மின்பியானோ கேட்டால் 1960களின் கடைசிக்கு முன் போக வேண்டாம். பியானோ பெட்டிக்குள் அடைத்தது போலவும் ட்ரம்ஸ் முகத்துக்கு முன்னால் போலவும் இருந்தால் ஒலிப்பதிவாளர் ரூடி வான் கெல்டரின் பதிவாக இருக்கலாம். 1959 வரை ஹேக்கன்சாக்கில் தன் பெற்றோர் வீட்டு வரவேற்பறையிலேயே பதிந்தவர். நீண்ட எதிரொலியும் நிறைய மௌனமும் என்றால் 1969இல் மியூனிக்கில் தொடங்கிய ஈசிஎம் தட்டு நிறுவனத்தின் பக்கம் பாருங்கள்.

பிறகு ஆளை எப்படிப் பிடிப்பது?

சுரங்களின் வேகத்தால் அல்ல, ஒரு சுரம் தொடங்கி முடியும் விதத்தால். பென் வெப்ஸ்டரின் டெனரில் சுரம் முடிந்த பின்னும் காற்று மட்டும் மிச்சமாகப் போகும். ஜொனி ஹொட்ஜஸின் ஆல்டோ ஒரு சுரத்திலிருந்து மற்றதற்கு வழுக்கியே போகும். நமது காதுக்கு அது ஜாரு. லெஸ்டர் யங் நேராக, அசைவில்லாமல், இலேசாக. கோல்மன் ஹொக்கின்ஸ் கனத்த அசைவோடு. தண்டு கழற்றிய ஹார்மன் மியூட்டை (ட்ரம்பெட் வாயில் செருகும் அடைப்பான்) ஒலிவாங்கியோடு ஒட்டிப் பிடித்த ட்ரம்பெட் என்றால் முதல் ஊகம் மைல்ஸ். ஆனால் அவரைப் பார்த்து அதைச் செய்தவர்கள் ஏராளம் என்பதால் அது முதல் ஊகம் மட்டுமே.

பியானோவில் எரோல் கார்னரின் இடக்கை கிட்டார் தட்டுவதுபோல நான்கடியும் ஒரே சீராகப் போகும், வலக்கை அதற்குச் சற்றுப் பிந்தி வரும். மங்க் பக்கத்துப் பக்கத்துச் சுரங்களை ஒன்றாக மோதுவார், பிறகு வாசிக்காமல் விடுவார். அந்த இடைவெளியையும் குறித்துக்கொள்ளுங்கள். மெக்கோய் டைனரின் இடக்கை கீழே ஒரு வெற்று ஐந்தாமிடத்தை இடித்துவிட்டு நான்காமிடக் கோர்வைகளுக்கு (சேர்ந்து ஒலிக்கும் பல சுரங்கள்) ஏறும். கிட்டாரில் வெஸ் மொன்ட்கொமரி பெருவிரலால் மீட்டியவர், அதனால் நகச்சத்தம் இல்லை. முதலில் ஒற்றைச் சுரம், பிறகு எட்டாமிடச் சோடி (ஒரே சுரம் இரண்டு ஸ்தாயியில்), பிறகு முழுக் கோர்வை என்று அவர் வாசிப்பு பெரும்பாலும் படியேறும்.

வைப்ரஃபோன் (கோலால் தட்டும் உலோகப் பட்டை வாத்தியம்) வந்தால் அதிர்வைக் கவனியுங்கள். வேகமாக நடுங்கினால் லயனல் ஹாம்ப்டன், மெதுவாக அலைந்தால் மில்ட் ஜாக்சன், நடுக்கமே இல்லாமல் நான்கு கோலால் கோர்வையாக விழுந்தால் கேரி பர்ட்டன்.

தொண்டைச் சத்தத்தையும் விடாதீர்கள். வில்லால் பேஸ் வாசித்தபடி ஓர் எட்டாமிடம் மேலே முனகினால் ஸ்லாம் ஸ்டூவர்ட். அதே சுரத்திலேயே முனகினால் மேஜர் ஹொலி. பியானோவுக்குப் பின்னால் முனகல் என்றால் பட் பவெல், கீத் ஜாரட் இன்னும் பலர், ஆகவே அது மட்டும் போதாது. ஹேமண்ட் ஓர்கன் இருக்கும் தட்டில் தனியாகப் பேஸ் கலைஞர் பெயர் எழுதாதீர்கள். ஜிமி ஸ்மித் போன்றவர்கள் இடக்கையாலும் காலாலும் தாங்களே பேஸையும் பார்த்துக்கொண்டார்கள்.

பிரதி எடுப்பவர்களை எப்படிப் பிரிப்பது?

இறந்த ஆண்டுகளை நினைவில் வையுங்கள். கொடூரமாகத் தோன்றலாம், பலன் உண்டு. சார்லி பார்க்கர் 1955 மார்ச்சில் இறந்தார். தெளிவான ஸ்டீரியோவில் பார்க்கர்போலக் கேட்டால் அது பார்க்கர் அல்ல, சோனி ஸ்டிட்டாக இருக்கலாம். அவர் 1982 வரை இருந்தார். கிளிஃபர்ட் பிரவுண் 1956 ஜூன், ஆர்ட் டேட்டம் அதே ஆண்டு நவம்பர், டால்பி 1964, கோல்ட்ரேன் 1967, மொன்ட்கொமரி 1968. பியானோ கலைஞர் பில் எவன்ஸோடு பேச்சுக்குப் பேச்சு பதில் சொல்வதுபோலப் போகும் பேஸ் என்றால் ஸ்கொட் லஃபாரோ என்று கை தானாக எழுதும். அவர் 1961 ஜூலை 6இல் வாகன விபத்தில் போய்விட்டார், அவர்கள் வில்லேஜ் வான்கார்ட் கிளப்பில் பதிந்து பதினொரு நாளில். பிந்திய காலப் பதிவென்றால் எடி கோமஸ் அல்லது மார்க் ஜோன்சன்.

ஒரு எச்சரிக்கை. பழைய மோனோத் தட்டுகளைப் போலி ஸ்டீரியோவாக்கி விற்ற காலமும் உண்டு. வாத்தியங்கள் தத்தம் இடத்தில் நிற்காமல், தாழ்ந்த ஒலியெல்லாம் ஒரு பக்கமும் கூர்ந்ததெல்லாம் மறுபக்கமுமாகப் பிரிந்து கிடந்தால் அதுதான். அப்போது இந்தக் கணக்கு செல்லாது.

ராகமாகக் கேட்டால் உதவுமா?

ஓரளவுக்கு. 1950களின் கடைசியில் வந்த மோடல் ஜாஸில், ஒரே சுரவரிசையில் நீண்ட நேரம் நிற்பதால், மிக உதவும். டோரியன் என்பது கரகரப்பிரியாவின் சுரங்கள், மிக்சோலிடியன் அரிகாம்போதி, லிடியன் கல்யாணி, ஃபிரிஜியன் தோடி. ஆதார சுருதியை நகர்த்தி ஒன்றிலிருந்து மற்றதைப் பெறும் கணக்கு நமக்கு அந்நியமே இல்லை. காரைதீவில் பிறந்த சுவாமி விபுலாநந்தர் யாழ்நூலில் பாலைகளை விரித்தது இந்தப் பண்ணுப் பெயர்த்தலைத்தான்.

மெட்டு வேகமாகக் கோர்வை மாற்றும் பீபொப்பில் இதே பழக்கம் காலை வாரும். இரண்டு பாருக்கு ஒருமுறை ஆதாரமே நகர்கிறது. நீங்கள் மோகனம் என்று எழுதி முடிக்குமுன் அது வேறிடத்தில் நிற்கும். புளூஸிலும் கவனம். சுத்த தன்யாசிபோல ஒலிக்கும் வாசிப்புக்குக் கீழே பெரிய காந்தாரம் உள்ள கோர்வை ஓடும். அந்த உரசல் வேண்டுமென்றே வைத்தது. அபசுரம் என்று நட்சத்திரத்தைக் குறைக்காதீர்கள்.

ஜாஸ் அல்லாததைப் போடலாமா?

சுற்றுக்கு ஒன்று, அதுவும் எல்லைக்கு அருகில். நமது ஊருக்கு ஏற்ற பொறி ஒன்று இருக்கிறது. பொஸ்டனில் பிறந்த ஆல்டோ கலைஞர் சார்லி மரியானோ நாகஸ்வரம் கற்று, அதைத் தன் பதிவுகளிலும் வாசித்தார். கோயில் வீதியில் வளர்ந்த காது உடனே 'நாகஸ்வரம்' என்று சரியாகச் சொல்லிவிட்டு, ஆளைத் தஞ்சாவூரில் தேடும். எதிர்ப்பக்கப் பொறி கத்ரி கோபால்நாத்தின் ஆல்டோ சக்ஸபோன். வாத்தியம் ஜாஸின் வாத்தியம், வாசிப்பு முழுக்கக் கர்நாடகம்; அமெரிக்க ஆல்டோ கலைஞர் ருத்ரேஷ் மகந்தப்பாவோடு சேர்ந்து வாசித்து 2008இல் வெளிவந்த அல்பத்தில் இரண்டு ஆல்டோவும் மாறிமாறி வரும். எது யாருடையது என்று பிரிக்கச் சொன்னால் ஒரு பின்னேரம் போய்விடும்.

போனில் ஷசாம் (பாட்டை அடையாளம் காணும் செயலி) போட்டுப் பார்த்தால் யாருக்குத் தெரியும்?

யாருக்கும் தெரியாது. நேரில் என்றால் போன்களை ஒரு கூடையில் போடுங்கள். தூரத்தில் என்றால் நம்பிக்கைதான். செயலியை ஏமாற்ற வேகத்தையோ சுருதியையோ மாற்றிப் போடுகிற தட்டுப்போடுபவர்கள் உண்டு, செய்யாதீர்கள். கள்ளம் செய்கிற ஒருவரைத் தடுக்க, ஒழுங்காகக் கேட்கும் ஆறு பேருக்குத் தொனியைக் கெடுத்துக் கொடுப்பதாகிவிடும்.

கோப்புகளைப் பொதுவில் பகிரலாமா?

கூடாது. பதிவுகளுக்கு உரிமையாளர்கள் இருக்கிறார்கள். குழுவுக்குள் மட்டும் வைத்து, விடை வந்ததும் அழித்துவிடுங்கள்; பிடித்ததைக் காசு கொடுத்து வாங்குங்கள்.

விடை சொல்லும்போது என்னென்ன வேண்டும்?

குழுத்தலைவர், ஒவ்வொரு வாத்தியத்துக்கும் ஆள், தனிவாசிப்புகள் வரும் ஒழுங்கு, மெட்டு, இயற்றியவர், பதிவான திகதி, அல்பம். வெளியான ஆண்டையும் பதிவான ஆண்டையும் குழப்ப வேண்டாம். பதிந்து இருபது வருடம் அலுமாரியில் கிடந்து வந்த தட்டுகளும் இருக்கின்றன. நமது புள்ளி பதிவான ஆண்டுக்கே. இரண்டு டெனர் உள்ள தட்டென்றால் யார் எந்த நிமிடத்தில் தொடங்குகிறார் என்று முன்கூட்டியே குறித்துவையுங்கள். தகராறு வருவது அங்கேதான்.

ஒருவருமே ஒன்றையும் கண்டுபிடிக்கவில்லை என்றால்?

தெரிவு கடினமாகிவிட்டது. விடையை உடனே சொல்லாமல் மூன்று நாள் தள்ளி, தட்டுக்கு ஒரு குறிப்பு கொடுங்கள்: பியானோக்காரர் பிறந்த நகரம், அல்லது அதே மெட்டை வேறொருவர் வாசித்த பதிவு. குறிப்புக்குப் பின் வரும் விடைக்குப் பாதிப் புள்ளி. நட்சத்திரத்தை மட்டும் திரும்பத் தொட விடாதீர்கள். மடித்த தாள் மடித்தபடியே இருக்கட்டும்.